லேப்ல திரவம் 2 சதவீதம்தான், கிணத்துல ஏன் பாதி உற்பத்தி போச்சு?

அடுத்த கேள்வி, கேஸ் கண்டன்சேட் பத்தி, அதாவது நிலத்தடியில கேஸா இருந்து, அழுத்தம் குறைஞ்சா கொஞ்சம் திரவமா மாறுற எரிவாயு பத்தி. "சார், எங்க சிவிடி (அழுத்தத்தைக் குறைச்சு எவ்வளவு திரவம் பிரியுதுன்னு பாக்கிற லேப் டெஸ்ட்) ரிப்போர்ட்ல அதிகபட்சத் திரவம் 2 சதவீதம்தான் வந்திருக்கு. ஆனா கிணத்தோட உற்பத்தி பாதியாயிடுச்சு. லேப் ரிப்போர்ட் தப்பா? மறுபடி சாம்பிள் எடுத்து அனுப்பலாமா?"

ரொம்ப முக்கியமான கேள்விங்க. ரிப்போர்ட் சரியாவே இருக்கலாம். அந்த 2 சதவீதம் எதோட 2 சதவீதம்னு பாக்கணும்.

சிவிடி டெஸ்ட்ல என்ன பண்றாங்க? சாம்பிளை ரிசர்வாயர் சூட்டுல, அதாவது கேஸ் இருக்கிற நிலத்தடிப் பாறையோட சூட்டுல, செல்லுங்கிற மூடின கலத்துக்குள்ள வெச்சு, டியூ பாயிண்ட்ல, அதாவது முதல் திரவத்துளி தெரியிற அழுத்தத்துல, கன அளவைக் குறிச்சுக்கிறாங்க. உங்க 2 சதவீதம் இந்தக் கன அளவுலதான். அப்புறம் அழுத்தத்தைப் படிப்படியா குறைக்கணும். குறைச்சதும் செல் விரியும், கொஞ்சம் திரவம் பிரிஞ்சு அடியில நிக்கும். அதே அழுத்தத்துல மேல இருக்கிற கேஸை மட்டும் வெளிய எடுத்து, செல்லைப் பழைய கன அளவுக்கே கொண்டுவரணும். எடுத்த கேஸ்ல என்னென்ன இருக்குன்னு குரோமட்டோகிராஃப்ல பாத்துட்டு அடுத்த படிக்குப் போவாங்க. கேஸ் வெளிய வந்துடும், திரவம் பாறைத் துளையிலயே தங்கிடும், அதைத்தான் இந்த டெஸ்ட் காட்டுது. சிசிஇ-ன்னு இன்னொரு லேப் டெஸ்ட் இருக்கு, அதுல எதையும் வெளிய எடுக்கறதில்ல, அதனால அது இந்த வேலைக்கு ஆகாது.

ஆனா செல்லுக்குள்ள திரவத்தை விட்டுட்டுப் போறது அதுக்குள்ள இருக்கிற கேஸ் மட்டும்தான். கிணத்து ஓரம் அப்படியில்ல. அழுத்தம் அங்கதான் ரொம்பக் குறைவு, தூரத்துல இருந்து வர்ற கேஸ் பூரா அந்தக் குறுகின இடத்து வழியாத்தான் போகணும். வாய்க்கால் தண்ணியில சருகு கொஞ்சமாத்தான் வரும், ஆனா மதகு வாயில போய்ப் பாருங்க, அடைச்சுக்கிட்டு நிக்கும். அதே மாதிரி வர்ற கேஸ் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுட்டுப் போகுது. அந்தத் திரவம் நகர ஆரம்பிக்கவே ஒரு அளவுக்குச் சேரணும். அதுவரைக்கும் சேந்துக்கிட்டேதான் இருக்கும், கேஸ் போற வழி சுருங்கிக்கிட்டே வரும்.

இந்தோனேசியாவுல, ஆச்சேல அருண்னு ஒரு பெரிய கேஸ் வயல், 1971-ல கண்டுபிடிச்சது. ஆரம்ப அழுத்தம் சுமார் 7,100 பிஎஸ்ஐ, சூடு 178 டிகிரி செல்சியஸ் பக்கம். லேப்ல அதிகபட்சத் திரவம் வெறும் 1.1 சதவீதம். உற்பத்தி தொடங்கி ஒரு 10 வருஷம் கழிச்சு, அழுத்தம் டியூ பாயிண்டுக்குக் கீழ போனதும், கிணறுகளோட திறன் பாதியாச்சு. உங்க கதையேதான்.

இரண்டாவது, மறுபடி சாம்பிள். இப்ப எடுத்தா பிரயோஜனம் இல்லைங்க. கனமான ஹைட்ரோகார்பன் கொஞ்சம் கீழயே தங்கிடுச்சு, மேல வர்றது லேசான கேஸ். அதோட டியூ பாயிண்ட் இன்னைக்கு இருக்கிற அழுத்தத்தை ஒட்டியே வரும், அதைப் பாத்து நீங்க இன்னும் குழம்புவீங்க. கிணறு புதுசா இருக்கும்போதே, அதிகமா இழுக்காம, ஓட்டம் நிலையானதும் எடுத்திருக்கணும்.

அதனால பழைய சாம்பிளோட தாள்களைத் தேடி எடுங்க. லேப்ல பாட்டிலைத் திறந்தப்போ இருந்த அழுத்தம், செப்பரேட்டர் (கிணத்துல இருந்து வர்ற கேஸையும் திரவத்தையும் பிரிக்கிற கலம்) அழுத்தத்தோட ஒத்துப் போச்சா? கேஸையும் திரவத்தையும் எந்த விகிதத்துல மறுபடி கலந்தாங்க? அந்த விகிதம் கிணத்துல நிஜமா அளந்ததுதானா? இங்க பிசகினா டியூ பாயிண்டே மாறிடும், பின்னாடி எவ்வளவு நல்ல மெஷின் வெச்சாலும் சரி பண்ண முடியாது.

அது எல்லாம் சரியா இருந்தா சிவிடி-யை விட்டுடுங்க. உங்க பாறையோட கோர்ல (கிணத்துல இருந்து வெட்டி எடுத்த பாறைத் துண்டுல), திரவம் சேரச் சேர கேஸ் எவ்வளவு சுலபமா போகுதுன்னு அளக்கிற ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி டெஸ்ட் கேளுங்க. ரிசர்வாயர் சூட்டுலயே, கிணத்து ஓரத்துல இருக்கிற வேகத்துலயே பண்ணச் சொல்லுங்க. உங்களுக்கு இப்ப வேண்டியது அந்த எண்தான்.