பெரு விண்மீன்களின் நிறையை அறிவது எப்படி?

அவையோருக்கு வணக்கம்.

மார்கழி மாத முன்னிரவில் மெரினாவில் நின்று கிழக்கே பார்த்தால், ஓரியன் மண்டலத்தின் இடைக்கச்சையான மூன்று விண்மீன்கள் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்பதைக் காணலாம். அவற்றுள் முதலில் உதித்து உச்சியில் நிற்பது மின்டாகா. கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் அது உண்மையில் பல விண்மீன்களின் கூட்டம். அவற்றில் நெருங்கிய இரண்டு 5.73 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. அப்போது ஒன்று மற்றொன்றின் ஒரு பகுதியை மறைப்பதால் ஒளி சிறிதளவு குறைந்து மீள்கிறது. சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறை கொண்ட பெரு விண்மீன்களின் அளவுகளை அறிய, இத்தகைய மறைப்பு இரட்டைகளையே நாம் பெரிதும் நம்பியிருக்கிறோம்.

விண்மீனின் ஆயுளையும் முடிவையும் தீர்மானிப்பது முதன்மையாக அதன் நிறை. தனித்த விண்மீனில் அதை நேரடியாக அளக்க ஏறத்தாழ வழியே இல்லை. இரட்டையில் வழியுண்டு: விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது தெரியும் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதிலிருந்து இரண்டின் வேகங்களையும் அறிந்து, சுற்றுக்காலத்தையும் சேர்த்துக்கொண்டால், கெப்ளரின் மூன்றாம் விதி நிறையைத் தரும். ஆனால் அவ்வாறு தெரிவது பார்வைக்கோட்டில் அமையும் வேகம் மட்டுமே. சுற்றுத்தளம், நம் பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தான வானத்தளத்துக்கு 30 பாகையே சாய்ந்திருந்தால், கணக்கில் வருவது உண்மையான நிறையில் எட்டில் ஒரு பங்குதான். மறைப்பு நிகழும் இரட்டையிலோ ஒளி காலத்தோடு மாறுவதைக் காட்டும் ஒளிவளைவின் வடிவமே சாய்வைச் சொல்லிவிடுகிறது. மறைப்பு நீடிக்கும் நேரத்திலிருந்து ஆரங்களையும், அவ்வளைவில் ஒளி குறையும் இரு பள்ளங்களின் ஆழத்தை ஒப்பிட்டு வெப்பநிலைகளின் விகிதத்தையும் பெறுகிறோம்.

அந்த ஆழத்தைக் குறிக்க நாம் பயன்படுத்துவது பொலிவெண், அதாவது விண்மீனின் ஒளிர்வைச் சொல்லும் எண். அதன் அளவை 1856-இல் வகுத்தவர் நார்மன் போக்சன். 1861 முதல் அவர் நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தில் பணியாற்றினார். அங்கே அவருடன் இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். சென்னையில் பேசும்போது இவ்விருவரையும் நினைவுகூராமல் கடந்துசெல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, இவ்வேலையின் கடினமான பகுதி. பெரு விண்மீன்கள் பல தம்மைத்தாமே மிக விரைவாகச் சுழல்வதால், அவற்றின் நிறமாலைக் கோடுகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அப்படிப் படிந்த கோடுகளை அப்படியே அளந்தால் வேகம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். நிறை வேகத்தின் மும்மடியைச் சார்ந்தது என்பதால், வேகத்தில் 5 விழுக்காட்டுப் பிழை நிறையில் ஏறத்தாழ 15 விழுக்காடாகிவிடுகிறது. ஆகவேதான் மிகவும் அகன்ற ஹைட்ரஜன் கோடுகளைவிட ஹீலியம் கோடுகளை விரும்புகிறோம். சுற்றின் பல கட்டங்களில் எடுத்த நிறமாலைகளைக் கொண்டு இரு விண்மீன்களின் பங்கையும் கணக்கின் வழியே பிரித்தெடுக்கிறோம். மூன்றாவது விண்மீனின் ஒளி கலந்திருந்தால் பள்ளத்தின் ஆழமும் குறைந்து காட்டும். அதைக் கழிக்காமல் சாய்வை நம்ப இயலாது.

மின்டாகாவில் இந்த இடர்கள் அனைத்தும் சேர்ந்துள்ளன. துணை விண்மீன் மங்கலானது, அதன் கோடுகள் எளிதில் அகப்படுவதில்லை, மூன்றாவது விண்மீனின் ஒளியும் உண்டு. முதன்மை விண்மீனின் நிறை 2002-இல் வெளியான ஆய்வில் சூரியனைப்போல் சுமார் 11 மடங்கு; 2015-இல் வெளியான ஆய்விலோ சுமார் 24 மடங்கு. மாறாக, டபிள்யூஆர் 20ஏ என்னும் இரட்டையில் இரு விண்மீன்களும் ஏறக்குறைய சமம். இரண்டின் கோடுகளும் தெளிவாகக் கிடைக்கின்றன. 3.69 நாளில் சுற்றும் அவை ஒவ்வொன்றும் சூரியனைப்போல் 80 மடங்குக்கு மேல் நிறை கொண்டவை என்பதை, கண்ணுக்கே புலப்படாத அத்தொலைவிலிருந்தும் 2004-லேயே உறுதிசெய்ய முடிந்தது.