காட்டித்தான் காத்தார்

நடுவர் அவர்களே, அரிய ஆந்தை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் காட்டாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு என்று எதிரணித் தோழி உருக்கமாகப் பேசினார். சரி, நீலகிரியில் பறவை காட்டியே பிழைத்த நம்ம வழிகாட்டி அண்ணன் நினைவாகத்தானே இந்தப் பட்டிமன்றமே? படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் செய்த வேலையே தப்பு என்றால் எப்படிங்க?

அவர் காட்டிய விதம் கூடப் போனவர்களுக்குத் தெரியும். பகலில் மரப்பட்டையோடு பட்டையாக உட்கார்ந்திருக்கும் ஸ்காப்ஸ் ஆந்தை, திடீரென்று உடம்பை ஒல்லியாக நீட்டி, காதுத் தூவியை விறைத்து, கண்ணைக் கீற்றாகச் சுருக்கும். கேமராக்காரர்கள் "ஆகா, போஸ் கொடுக்குது" என்பார்கள். அண்ணனோ, எவ்வளவு பெரிய லென்ஸ் ஆனாலும் சரி, "பயந்திருச்சு, பின்னாடி வாங்க" என்று இழுத்துவிடுவார். போனில் ஆந்தைக் குரலைப் போடச் சொன்னால் முறைப்பார். வேறொரு ஆந்தை தன் எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று இரை தேடுவதை விட்டுவிட்டு அது சண்டைக்குக் கிளம்பும், அதுவும் குஞ்சு பசியோடு இருக்கிற நேரத்தில். பகலில் கிளப்பிவிட்டாலோ, கரிச்சானும் காகமும் விரட்டி விரட்டிக் கொத்தும்.

தீபாவளி சமயத்தில் மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிக்கிறார்கள் என்று தோழி சொன்னது உண்மை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருந்தும் நடக்கிறது. அதனால்தான் அண்ணன் ஜிபிஎஸ்ஸை அணைக்கச் சொல்வார், கூடு இருக்கும் மரத்துப் பக்கம் யாரையும் விடமாட்டார். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்டு இணையதளம்கூட சில பறவைகளின் சரியான இடத்தை மறைத்துத்தான் வைக்கிறது. இடத்தை மறைப்பது வேறு, பறவையையே மறைப்பது வேறு.

யாரும் பார்க்காவிட்டால் பறவை பிழைத்துவிடுமா? ஃபாரஸ்ட் அவ்லெட் என்ற சின்ன ஆந்தை 1884க்குப் பிறகு 113 வருடம் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தே போயிருக்கும் என்றார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே பறவை ஆய்வாளர் பமேலா ராஸ்முஸன் குழு பார்த்த பிறகுதான் மற்ற காடுகளிலும் தேடினார்கள். 2014இல் மும்பைக்குப் பக்கத்திலேயே, தான்சா சரணாலயத்தில் கண்ணில் பட்டது. இத்தனை வருடம் அந்தக் காடுகளை வெட்டியவர்களிடம், இல்லை என்று நினைத்த பறவைக்காக யார் போய்ப் பேசியிருக்க முடியும்?

பொந்து உள்ள பட்டமரத்தை விறகுக்கு வெட்ட வந்தவர்களையே, குஞ்சுகள் பறந்த பிறகு ஒரு சாயங்காலம் கூட்டிப்போய் ஆந்தையைக் காட்டினார் அண்ணன். மரம் இன்னும் நிற்கிறது. தோழியும் வரலாம், போனை மட்டும் அணைத்துவிட்டு.