பதிவைக் குறைப்போம், பதிலைக் கூட்டுவோம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணித் தோழர்களுக்கும், தருமபுரி, அரூர், பென்னாகரம், கிருஷ்ணகிரி என்று பல பக்கத்திலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இணையத்தில் எழுதுகிறவர் வாசகரோடு உண்மையான உறவை வளர்ப்பது ஓயாமல் எழுதுவதாலா, நின்று பதில் சொல்வதாலா? இதுதான் தலைப்பு. ஓயாமல் எழுத வேண்டும் என்ற எதிரணித் தலைவர் மூன்று காரணம் வைத்தார். தினமும் பதிவு வராவிட்டால் வாசகர் மறந்துவிடுவார். அடிக்கடி போடுகிறவரைத்தான் ஃபேஸ்புக்கும் யூடியூபும் முன்னால் காட்டும். ஆயிரம் பேருக்கு ஒருத்தர் உட்கார்ந்து பதில் எழுத முடியாது.

முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில். அடிக்கடி எழுதினால் முகம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் தினமும் ஒன்று போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத பக்கங்களின் அடியில் போய்ப் பாருங்கள். ‘அருமை’, ‘சூப்பர்’, ஒரு கைகூப்பு. ஆறு மாதம் கழித்துப் போனாலும் அதே கைகூப்பு. அந்த வாசகரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. சொன்னாலும் கேட்க ஆளில்லை என்று தெரிந்துகொண்டதால் கைகூப்போடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது காரணத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணையக் குழுக்களில் யார் பேசுகிறார்கள் என்பது பற்றி இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். நூறு பேரில் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது பேசுவார்கள், ஒருத்தர்தான் ஓயாமல் பேசுவார் என்பது அவர் சொன்ன தோராயம். எல்லா இடத்துக்கும் அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் ஆயிரம் வாசகர் என்றால், பேசுகிறவர் நூறு பேருக்குப் பக்கம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் எப்போதாவது வருகிறவர்கள். ஒரு பதிவு எழுத ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஏழு பதிவுக்குப் பத்தரை மணி நேரம். மூன்றாகக் குறைத்தால் ஆறு மணி நேரம் மிச்சம். ஒரு பதிலுக்கு நான்கு நிமிடம் கொடுத்தாலும் வாரத்துக்குத் தொண்ணூறு பதில்! எதிரணி முடியாது என்றது இதைத்தான்.

அந்த நான்கு நிமிடத்தில் என்ன எழுதுவது என்பதுதான் எங்கள் அணியின் உயிர்ப் பகுதி. ஏரியைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். கீழே ஒரு வாசகர், “எங்க ஊர் ஏரியும் இப்படித்தாங்க காஞ்சு கிடக்குது” என்கிறார். ‘நன்றி நண்பரே’ என்று போட்டால் கதவு சாத்தியாயிற்று. ‘எந்த ஏரிங்க? கடைசியா எந்த வருஷம் நிரம்பிக் கோடி போச்சு?’ என்று கேட்டால் மறுநாள் அவர் தன் அப்பாவிடம் விசாரித்துக்கொண்டு வருவார். அவர் சொன்ன சொல்லிலிருந்தே கேள்வியை எடுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் பதில் சொல்ல முடிய வேண்டும். ‘நீர்நிலைப் பாதுகாப்பு பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்றால் அது பரீட்சைக் கேள்வி. யாரும் எழுத மாட்டார்கள். ஒரு விஷயத்தை ஒட்டியே கேளுங்கள். நான்கைந்தை அடுக்கினால், அப்புறம் சாவகாசமாக எழுதலாம் என்று தள்ளிவைப்பார். அந்த அப்புறம் வராது.

முதன்முறை வாய் திறப்பவருக்கு ஒரு நாளுக்குள் பதில் போய்விட வேண்டும். மாங்கன்றுக்கு முதல் கோடையில் விடும் தண்ணீர் மாதிரி அது; தப்பவிட்டால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் துளிர்க்காது. நூறு முறை வந்தவருக்கும் அதே கவனம் வேண்டும், இது இன்னும் கடினம். ஒரு நாள் போனாலும் இரண்டு நாள் போனாலும், பல நாள் பலரோடு போனாலும், முதல் நாள் போலவே விரும்பி ஏற்பான் என்று அதியமானை ஔவை பாடியது புறநானூற்றின் 101-ஆம் பாட்டு. அவன் ஆண்ட தகடூரில், இன்றைய தருமபுரியில், நின்று பேசுகிறோம். புதியவரை வரவேற்க எல்லோருக்கும் வரும். ‘அவர் நம்ம ஆள்தானே’ என்று பழையவரைப் பதில் இல்லாமல் விடும் இடத்தில்தான் குழுக்கள் கரைகின்றன. அவர் கோபித்துக்கொண்டு போவதில்லை. வருவதைக் குறைப்பார், பிறகு ஒருநாள் வராமலே இருப்பார்.

எழுத்துப்பிழையைப் பொதுவில் திருத்தாதீர்கள், இதை மன்றாடிக் கேட்கிறோம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்கள் ஏராளம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களும் உண்டு. பத்துப் பேர் முன்னால் ஒருமுறை திருத்தப்பட்டவர் இரண்டாம் முறை எழுத மாட்டார். நீங்கள் பிழையில்லாத தமிழில் பதில் எழுதுங்கள், அது போதும். தட்டச்சு வரவில்லை என்று அவரே சொன்னால், கைப்பேசி விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுத்தாகும் என்று தனியே காட்டிக்கொடுங்கள்.

‘இந்தப் புத்தகம் பி.டி.எஃப். இருக்கா?’ வாசகர் குழுக்களில் இந்தக் கேள்வி ஓயவே ஓயாது. பலர் திட்டுகிறார்கள், சிலர் திருட்டுப் பிரதியை அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். நாட்டுடைமையான நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய இலக்கியம் என்றால் 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம், மற்றவற்றுக்கு மாவட்ட மைய நூலகம் என்று வழி காட்டுங்கள். கேட்டவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

பதில் போய்ச் சேரும் நேரமும் முக்கியம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். இரவு வேலை முடித்தவர் காலையில் பேருந்தில் படிப்பார், மதிய ஷிப்ட்காரர் வீடு சேரவே நள்ளிரவு நெருங்கும். நீங்கள் தினமும் இரவு எட்டு மணிக்கே எல்லாப் பதிலையும் முடித்தால், அவர்கள் வரும்போதெல்லாம் பேச்சு முடிந்த கூடத்தைத்தான் பார்ப்பார்கள். பாதியைக் காலையில் எழுதுங்கள், மீதியை இரவில். மே, ஜூனில் மாங்காய் அறுவடை. கிருஷ்ணகிரித் தோட்டக்காரரும் மாங்கூழ் ஆலையில் வேலை பார்ப்பவரும் அப்போது காணாமல் போவார்கள். பேசாதவரை நீக்குகிறோம் என்று விதி போட்டு இவர்களை வெளியேற்றும் குழுக்கள் உண்டு. பேசாத தொண்ணூறு பேரும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். அங்கே ஐந்து நிமிட வீடியோ பதில் சுற்றிக்கொண்டே இருக்கும், நான்கு வரி எழுத்து உடனே திறக்கும். குரல்பதிவு போட்டால் ஒரு நிமிடத்துக்குள் முடித்து, சாரத்தைக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். இடம் இருக்கிறதே என்று நிரப்புவதில் ஆபத்து இருக்கிறது. அங்கே ஒவ்வொருவர் எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும். பெண் வாசகர்களுக்குத் தனிச்செய்தி வரத் தொடங்கும். பலர் காரணம் சொல்லாமலே வெளியேறுவார்கள், நடத்துகிறவருக்குக் கடைசி வரை ஏனென்று தெரியாது. குழுவில் கேட்டு அனுமதி வாங்காமல் யாரும் யாருக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது, அனுப்பினால் அன்றே நீக்கம் என்ற விதியைச் சேரும்போதே சொல்லுங்கள். எண்ணை மறைக்கும் வசதி வேண்டுமென்றால் டெலிகிராமில் இருக்கிறது.

காலை வணக்கப் படங்களையும் தடுக்க வேண்டும். ஏழு மணிக்கு ஒருவர் கேட்ட கேள்வி ஒன்பது மணிக்குள் நாற்பது படங்களுக்கு மேலே மறைந்துவிடும். அதற்காக நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று பூட்டினால் வாசகரின் வாயையும் சேர்த்துப் பூட்டுகிறோம். பதில் சொல்லும்போது அவர் செய்தியை வலப்பக்கம் இழுத்து, அதன் கீழே எழுதுங்கள். எந்தச் சொல்லுக்கு எந்தப் பதில் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாதம் ஒருமுறை குரல் கேட்டுப் பேசுவதும் பதில்தான். கூகுள் மீட்டில் கட்டணமில்லாத கூட்டம் 60 நிமிடம் நடக்கும். முதல் ஐந்து நிமிடம் ‘கேக்குதுங்களா?’ என்பதில் போய்விடும். பதினைந்து பேர் பேசினால் ஆளுக்கு நான்கு நிமிடம்கூட வராது. பத்துப் பேருக்கு மேல் பேசப் போகிறார்கள் என்றால் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள்.

இனி, எதிர்க்கருத்து. ஒரு வாசகர் கடுமையாக மறுத்து எழுதுகிறார். உடனே பத்து ரசிகர்கள் அவர் மேல் பாய்கிறார்கள். எழுதியவர் மௌனமாக வேடிக்கை பார்த்தால், அன்றைக்குப் போவது அந்த ஒருவர் மட்டுமா? மறுத்துப் பேசினால் இங்கே என்ன நடக்கும் என்பதை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பதில் தன் ரசிகர்களுக்குப் போக வேண்டும்: ‘அவரை விடுங்க, கேட்டது எங்கிட்ட.’ அடுத்தது அவருக்கு. அவர் சொன்னதில் எது சரியோ அதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மாறுபடும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

எழுதுகிறவர் களைத்துப் போவாரே என்று எதிரணித் தோழர் அக்கறையோடு கேட்டார். கேள்வியை உரியவரிடம் திருப்பிவிடுங்கள். தக்காளிச் செடியில் இலைச்சுருட்டல் பற்றி ஒருவர் கேட்டால், பாலக்கோட்டில் தக்காளி போடும் வாசகரைக் குழுவிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் சொல்வார், கேட்டவர் நன்றி சொல்வார், அடுத்த முறை இருவரும் உங்களுக்காகக் காத்திருக்காமலே பேசிக்கொள்வார்கள். நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்து இரண்டு வாரம் ஒரு பதிவும் போடாவிட்டாலும் அங்கே பேச்சு ஓடும். தினமும் எழுதி மட்டுமே நடக்கும் பக்கத்தில் அந்த இரண்டு வாரம் என்ன நடக்கும் என்று எதிரணி சொல்லட்டும். தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விடுகிறோம். வணக்கம்.