முன்னால் எத்தனை பேர்?

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் பெண்களிடம் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். எந்த டயர் போடுவது, காலையில் என்ன சாப்பிடுவது என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் கடைசியில் வரும். முதலில் ஒரு பந்தயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் சைக்கிள் சாலைப் பந்தயம். தூரம் 137 கிலோமீட்டர். நகரத்தை விட்டு மலைப்பாதை ஏறி, ஃபூஜி மலைக்குப் பக்கத்தில் இருக்கும் கார்ப் பந்தயத் தடத்தில் வந்து முடிக்க வேண்டும். நெதர்லாந்து அனுப்பிய நான்கு பேரும் ஜாம்பவான்கள்: அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன், மரியானே வோஸ், அன்னா ஃபான் டெர் பிரெகன், டெமி வோலரிங். தங்கம் இந்த நால்வரில் யாருக்கு என்றுதான் பேச்சு. ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர், அன்னா கீசன்ஹோஃபர். வயது 30. கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஆய்வு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2017இல் ஒரு தொழில்முறை அணியில் சேர்ந்து, ஒத்துவராமல் சீக்கிரமே வெளியே வந்தவர். 2021இல் அவருக்கு அணியும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பயிற்சி அட்டவணை, சாப்பாடு, பந்தயத் திட்டம் எல்லாம் அவரே போட்டுக்கொண்டது.

கொடி விழுந்ததும் முதலில் பாய்ந்தவர் அவர்தான். கூட நான்கு பேர் ஒட்டிக்கொண்டார்கள்: தென்னாப்பிரிக்கா, நமீபியா, போலந்து, இஸ்ரேல். பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை. பின்னால் இருந்த கூட்டம் கண்டுகொள்ளவே இல்லை. இடைவெளி பத்து நிமிடத்துக்கும் மேல் போனது. முன்னால் போனவர்களில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். இன்னும் 40 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது, ககோசகா ஏற்றத்தில், மீதி இருவரையும் விட்டுவிட்டு கீசன்ஹோஃபர் தனியாகக் கிளம்பினார்.

ஏன் ஏற்றத்தில்? இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை உதவும். சமதரையில் வேகமாகப் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதற்குக் கால் கொடுக்க வேண்டிய உழைப்பு எட்டு மடங்கு. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்த உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகம். அதனால் சமதரையில் ஒருவரை உதறுவது கஷ்டம், உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே சொகுசாக வருவார். ஏற்றத்தில் வேகம் குறைகிறது, காற்றின் பங்கும் குறைகிறது. அங்கே அவரவர் எடையை அவரவர்தான் தூக்க வேண்டும்.

சரி, ஒண்டியாக ஒருவர் 40 கிலோமீட்டர் போகும்போது, அத்தனை பெரிய கூட்டம் ஏன் பிடிக்கவில்லை? கால் பலம் போதாமல் இல்லை. துரத்துவதற்கு யாராவது முன்னால் வந்து எதிர்காற்றைத் தாங்க வேண்டும். தாங்கியவர் களைப்பார், பின்னால் அவர் மறைவில் வந்தவர் கடைசியில் முந்திக்கொண்டு போவார். ஹோட்டலில் நாலு பேர் சாப்பிட்டு முடித்த பிறகு பில் வந்ததும் எல்லாரும் கை கழுவப் போவதில்லையா, அந்தக் கதைதான். நெதர்லாந்திடம் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களே துரத்தட்டும் என்று மற்ற நாடுகள். நாங்கள் மட்டும் ஏன் எல்லாருக்கும் உழைக்க வேண்டும் என்று அவர்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தொழில்முறைப் பந்தயங்களில் வீராங்கனைகளின் காதில் சின்ன ரேடியோ இருக்கும். அணிக் காரில் இருப்பவர் முன்னால் இத்தனை பேர், இத்தனை நிமிடம் என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒலிம்பிக்கில் அது கிடையாது. கடைசிக் கட்டத்தில் போலந்து, இஸ்ரேல் இருவரையும் பிடித்ததும், முன்னால் போனவர்கள் எல்லாரும் அகப்பட்டுவிட்டார்கள் என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஃபான் ஃப்ளூட்டன் கூட்டத்தை உதறிவிட்டு வந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தார், தங்கம் வென்றுவிட்டோம் என்று. கீசன்ஹோஃபர் 75 விநாடிக்கு முன்பே கோட்டைத் தாண்டித் தரையில் படுத்துக் கிடந்தார். அதற்கு முன் ஆஸ்திரியாவுக்கு சைக்கிளில் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது 1896இல்!

ஃபான் ஃப்ளூட்டனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மூன்றே நாளில் தனிநபர் நேரப் பந்தயத்தில், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் எடுத்த நேரத்தை ஒப்பிடும் பந்தயத்தில், தங்கம் வாங்கினார் அந்த அம்மா. அவரிடம் கால் இருந்தது, தகவல்தான் இல்லை. காதில் ரேடியோ இருந்திருந்தால் அன்று கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

இதை வைத்து, வேலை பார்த்துக்கொண்டே ஒருத்தி ஒலிம்பிக் ஜெயித்தாள், அதனால் யாரும் ஜெயிக்கலாம் என்று மேடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். கீசன்ஹோஃபர் அப்போது ஆஸ்திரியாவின் நேரப் பந்தய சாம்பியன். தனியாக ஒரு மணி நேரம் எவ்வளவு மிதித்தால் தாங்கும் என்று கணக்காகத் தெரிந்தவர். அந்தக் கால் இல்லாமல் அந்தத் துணிச்சலுக்கு அர்த்தமில்லை. எனக்கு இதில் பிடித்தது வேறு. ரேடியோவைக் கழற்றிய அன்றைக்கு அத்தனை பெரிய வீராங்கனைகளும் நம் நிலைமைக்கு வந்துவிட்டார்கள். நமக்கு எந்தப் பந்தயத்தில் காதில் ஆள் பேசுகிறார்? அமெச்சூர் பந்தயம் என்றாலே கண்ணும் வாயும்தான். கண்ணால் எண்ண வேண்டும், வாயால் பக்கத்தில் வருகிறவரிடம் கேட்க வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும், யார் துரத்துவது என்ற அதே கதைதான். அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபாக்னர் கல்லூரியில் துடுப்புப் படகு வலித்தவர். 2017இல் நியூயார்க்கில் முதலீட்டு நிறுவன வேலையில் இருந்தபோதுதான் சைக்கிள் பந்தயம் பழக ஆரம்பித்தார். பாரிஸ் சாலைப் பந்தயத்துக்கு முதலில் அவர் பெயரே இல்லை, இன்னொருவர் விலகியதால் கிடைத்த இடம். இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது அவரும் பெல்ஜியத்தின் லோட்டே கோபெக்கியும் முன்னால் போன இருவரை எட்டிப் பிடித்தார்கள். மூச்சு வாங்க வேண்டிய அந்த இடத்தில் ஃபாக்னர் நிற்காமல் அப்படியே தாண்டிப் போனார். மற்ற மூவரும் நீ போ, நீ போ என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தங்கம், 58 விநாடி வித்தியாசத்தில்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். யாராவது தாண்டிப் போனால் உடனே எண்ணுங்கள். வாய்விட்டே எண்ணுங்கள், மூன்று என்றால் மூன்று. பிடிக்கும்போது ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். திருப்பங்களில் முன்னால் இருக்கிற சாலை பக்கவாட்டில் தெரியும், ஒரு பார்வை போதும்.

சக்கரம் ஒட்டிப் போகும்போது முன்னவரின் டயரையே முறைத்துக்கொண்டு போகாதீர்கள். இடுப்பையும் தோளையும் பாருங்கள், அவர் என்ன செய்யப்போகிறார் என்பது அங்கேதான் முதலில் தெரியும். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக் கூடாது. அவர் லேசாக ஒதுங்கினாலும் விழுவது நீங்கள்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழகுகிறவர்களுக்கு இன்னொன்று: வெயில் ஏறியதும் கடற்காற்று வரும். மாமல்லபுரம் பக்கம் போகும்போது அது இடப்பக்கமிருந்து அடிக்கும், அப்போது நேர் பின்னால் ஒளிந்து பயனில்லை. வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி வாருங்கள். திரும்பி வரும்போது இது அப்படியே தலைகீழ்.

பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள், பசி வந்துவிட்டால் தாமதம். வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, பழகும்போது வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது எதுவோ அதுவே போதும். பந்தயத்தன்று புதிதாக எதையும் முயற்சி பண்ண வேண்டாம்.

கடைசியாக, பின்தங்குவதைப் பற்றி. நம்மில் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் பெரிய கூட்டத்திலிருந்து கழன்றுவிடுவோம். அப்போது தனியாக மல்லுக்கட்டாதீர்கள். பின்னால் திரும்பிப் பாருங்கள், இன்னும் மூன்று பேர் வந்துகொண்டிருப்பார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு, அரை நிமிடம் நீ, அரை நிமிடம் நான் என்று காற்றைப் பங்கு போட்டுக்கொண்டு வாருங்கள். முன்னால் போகும் முறை முடிந்ததும் வேகத்தைச் சட்டென்று குறைக்காமல், காற்று வருகிற பக்கமாக ஒதுங்கிப் பின்னால் போங்கள். இந்தப் பழக்கம் வராமல்தான் நிறைய சின்னக் கூட்டங்கள் பத்தே நிமிடத்தில் சிதறிப்போகின்றன. இதை வேண்டுமானால் இப்போதே வெளியே மைதானத்தில் நாலு பேராகச் செய்து பார்க்கலாம், சைக்கிள் கொண்டுவந்தவர்கள் வாருங்கள்.