விருப்பம் வரட்டும் என்று உட்கார்ந்திராதீர்கள்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, இந்த அரங்கைத் தந்துதவிய நூலகக் குழுவினரே, நாற்பதைத் தாண்டியவர்களே, தாண்டியதை ஒப்புக்கொள்ளாதவர்களே, வணக்கம்.

நடுவயதில் வாழ்க்கை சப்பென்று ஆகிவிடுவதைப் பற்றி மூன்று சொல்ல வந்தேன்: உடல், பழக்கம், பணம்.

முதலில் உடல். "வயசாயிடுச்சு" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவை மூன்றும் ஆர்வத்தை உறிஞ்சும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம், மாதவிடாய் நிற்கும் காலம், சில மாத்திரைகள் இவற்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் போனால் மருத்துவரிடம் போங்கள். சாகலாம் என்று தோன்றினால் அன்றைக்கே.

இனி பழக்கம். சித்திரமும் கைப்பழக்கம்! மேடைக்கு மேடை இதைத்தான் சொல்கிறேன், இன்றும் விடமாட்டேன். விருப்பம் வந்தால் செய்யலாம் என்பது தலைகீழ்க் கணக்கு. செய்யச் செய்யத்தான் வரும். 1970களில் உளவியலாளர் பீட்டர் லூவின்சன் மனச்சோர்வு சிகிச்சையையே இதன்மேல் கட்டினார்.

ஒருவர், வயது 48. இளமையில் நன்றாக வரைந்தவர். திடீரென்று வேகம் வந்து விலையுயர்ந்த வண்ணப்பெட்டி வாங்கினார். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் என்று சபதம். முதல் ஞாயிறு பென்சில் சீவினார். அடுத்த ஞாயிறு பெட்டியைத் துடைத்தார். மூன்றாவது ஞாயிறு தூங்கிவிட்டார். அளவு பெரிது, இடைவெளி நீளம், போதாததற்குத் தன் பழைய கையோடு போட்டி. எப்படி ஓடும்? பிறகு மாற்றினார்: செவ்வாயும் வெள்ளியும், இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு பத்தே நிமிடம், ஒரு பென்சில், எதிரே இருக்கும் பாத்திர மூடி. உட்காரும்முன் எவ்வளவு பிடிக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், எழுந்தபின் இன்னொன்று. முன்னே 2, பின்னே 4. வீட்டம்மா எட்டிப் பார்த்து, "நிலா நல்லா வந்திருக்குங்க" என்றார். மனுஷர் அன்றைக்கு 7 போட்டுக்கொண்டார்! சோர்ந்த மனம் முன்கூட்டிப் போடும் மதிப்பெண் குறைவாகவே இருக்கும். தாளில் எழுதினால்தான் அந்தப் பொய் பிடிபடும்.

ஆனால் தனியாகச் செய்வது சீக்கிரம் நின்றுபோகும். எதிரே ஒருவர் காத்திருந்தால் கால் தானே நடக்கும். சித்திரமும் கைப்பழக்கம் சரி, கை பழக இடம் எங்கே? நூலகக் குழுவினரே, வேலை முடிந்து நாங்கள் வரும்போது உங்கள் கதவு பூட்டியிருக்கிறது. வாரம் இரண்டு மாலை, இரவு எட்டரை வரை திறந்துவையுங்கள். ஒரு நீள மேசை, பத்து நாற்காலி போதும். ஆசிரியர் வேண்டாம், போட்டி வேண்டாம், பரிசு வேண்டவே வேண்டாம். பரிசு வந்தால் மதிப்பீடு வரும், பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

பணத்தைப் பற்றி... மணி அடித்துவிட்டார்கள். நூலகத்தை மாலையில் திறக்கக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு, எந்தக் கிழமை தோதுப்படும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.