நீலச் சட்டைக்கு இடம் தேடிய கதை

நேயர்களுக்கு வணக்கம்.

நகரமைப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால், ஒரு விளையாட்டு மைதானத்துக்கு எப்படி இடம் பார்க்கிறார்கள் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். பொதுவாகப் பேசினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் லிவர்பூல். கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஊர் பெயரைச் சொன்னதும் சிவப்புச் சட்டை ஞாபகம் வரும். நான் பேசப்போவது அதே ஊரின் நீலச் சட்டைக்காரர்களைப் பற்றி. எவர்ட்டன் கிளப்.

ஊரின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1930-களில் 8 லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் இருந்த துறைமுக நகரம் அது. 2001 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 4 லட்சத்து 40 ஆயிரம் பேர்தான் மிச்சம். கன்டெய்னர் வந்தது, கப்பல்கள் பெருத்தன, பழைய துறைகளுக்குள் அவற்றால் நுழைய முடியவில்லை. தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடின. 1981-ல் கலவரம் வெடித்தபோது நிதியமைச்சராக இருந்தவர் ஜெஃப்ரி ஹவ். இந்த ஊரை நிதானமாகத் தேய விடுவதையும் ஒரு வழியாக யோசிக்கலாமே என்ற பொருளில் பிரதமர் தாட்சருக்கு எழுதினார். முப்பது வருடம் கழித்துக் கோப்புகள் வெளியானபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்தபோது வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

சரி, மைதானத்துக்கு வருவோம். எவர்ட்டன் முதலில் ஆடியது ஆன்ஃபீல்டில். ஆமாம், இன்றைக்கு லிவர்பூல் கிளப்பின் கோட்டையாக இருக்கும் அதே ஆன்ஃபீல்ட். வாடகைத் தகராறு வந்தது. மதுபான ஆலை நடத்திய ஜான் ஹோல்டிங் ஒரு பக்கம், கிளப் உறுப்பினர்கள் மறுபக்கம். உறுப்பினர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஸ்டான்லி பூங்காவைத் தாண்டி, 8,090 பவுண்டுக்கு ஒரு நிலம் வாங்கி 1892 ஆகஸ்ட் 24-ல் குடிசன் பார்க்கைத் திறந்தார்கள். காலியான ஆன்ஃபீல்டில் ஆட ஆள் வேண்டுமே என்று ஹோல்டிங் தொடங்கிய அணிதான் லிவர்பூல். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் போட்ட சண்டையில் உலகத்துக்கு இரண்டு பெரிய கிளப்புகள் கிடைத்தன!

குடிசன் பார்க்கைச் சுற்றிலும் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். ஒரு மூலையில் செயின்ட் லூக் தேவாலயம், இரண்டு கேலரிகளுக்கு நடுவே செருகிவைத்ததுபோல நிற்கும். சுமார் 39,000 பேர் உட்காரலாம். அதில் கணிசமான சீட்டுகளுக்கு முன்னால் இரும்புத் தூண். பந்து தூணுக்கு அந்தப் பக்கம் போனால் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டும். 1966 உலகக் கோப்பை அரையிறுதி நடந்த இடம், ஆனால் நாலு அடி விரிவாக்க வழியில்லை. ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மூலையில் கோயில்.

1990-களிலிருந்தே இடம் தேடினார்கள். முதல் ஆசை கிங்ஸ் டாக். டாக் என்றால் கப்பல் வந்து நிற்கத் தண்ணீர் தேக்கிய பழைய துறை. நகர மையத்தை ஒட்டி, மெர்சி ஆற்றங்கரையில். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் கிடையாது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் பஸ், ரயில், கடைத்தெரு எல்லாமே நடக்கும் தூரம். கிளப் தன் பங்காக 3 கோடி பவுண்ட் புரட்ட வேண்டியிருந்தது. முடியவில்லை. 2003-ல் திட்டம் கைநழுவியது. அந்த இடத்தில் 2008-ல் ஓர் உள்ளரங்கம் திறந்தார்கள். எவர்ட்டன் ரசிகர்களிடம் கிங்ஸ் டாக் என்று சொல்லிப் பாருங்கள், தவறிப்போன சம்பந்தத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

அடுத்தது கிர்க்பி. போருக்குப் பிறகு லிவர்பூலின் நெரிசலான தெருக்களிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் குடியேற்றிய ஊர் அது. ஆனால் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, பக்கத்து நோஸ்லி நிர்வாகத்தின் கீழ் வருகிறது. டெஸ்கோ என்ற பெரிய சூப்பர்மார்க்கெட் கடையும் சேர்ந்துகொள்ளும், அந்த வியாபாரத்தின் பலத்தில் மைதானம் எழும் என்று கணக்கு. 2007-ல் ரசிகர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 59 சதவீதம் பேர் சம்மதம். மற்றவர்களோ ‘ஊரை விட்டுப் போகாதே’ என்று இயக்கமே நடத்தினார்கள். கடைசியில் இதை முடித்துவைத்தது 2009-ல் மத்திய அரசு. காரணம் கால்பந்து இல்லை. அவ்வளவு பெரிய கடை வந்தால் சுற்றுப்பட்டு ஊர்களின் கடைத்தெருக்கள் படுத்துவிடும் என்றார்கள். கடையைத் தூக்கிவிட்டால் மைதானத்துக்குப் பணம் இல்லை. இடம் என்று நாம் பேசுவது பாதி நேரம் மண்ணைப் பற்றியே இல்லை, யார் செலவழிப்பார்கள் என்பதைப் பற்றித்தான்.

நடுவில் குடிசனுக்குப் பக்கத்திலேயே வால்ட்டன் ஹால் பூங்கா என்று ஒரு யோசனை வந்து, 2016-ல் கைவிடப்பட்டது. பூங்காவில் கை வைத்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா?

அந்த வருடம்தான் ஃபர்ஹாத் மொஷிரி என்ற பணக்காரர் உள்ளே வந்தார். 2017 வாக்கில் பிராம்லி-மூர் டாக் முடிவானது. ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற துறைமுகப் பொறியாளர் கட்டி 1848-ல் திறந்த துறை. நிலக்கரி ஏற்றுமதிக்குப் பயன்பட்டது. கருங்கல் மதில், மூலையில் துறை இயந்திரங்களைத் தண்ணீர் அழுத்தத்தால் ஓட்டிய ஒரு பழைய ஹைட்ராலிக் கோபுரம், வடக்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். நான் சொல்வது நம்பும்படி இருக்காது, ஆனால் ஐரோப்பாவின் புத்தம்புது மைதானம் ஒன்றுக்குப் பக்கத்து வீடு அதுதான்.

நிலம் வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை மூட வேண்டும். உள்ளே இருந்த மீன்களைப் பிடித்து இடம் மாற்றினார்கள். ஐரிஷ் கடலின் அடியிலிருந்து கிட்டத்தட்ட 4,80,000 கன மீட்டர் மணலை அள்ளிவந்து கொட்டினார்கள். ஹார்ட்லியின் பழைய சுவர்களை இடிக்கவில்லை, மணலுக்குள் அப்படியே விட்டுவைத்தார்கள். கோபுரத்தையும் காப்பாற்றினார்கள்.

இருந்தாலும் யுனெஸ்கோ ஏற்கவில்லை. 2004-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த லிவர்பூல் துறைமுகப் பகுதியை 2021 ஜூலையில் நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட மூன்றாவது இடம்தான் இது. மைதானம் மட்டும் காரணமில்லை. ஆற்றங்கரை முழுக்கத் திட்டமிட்ட அடுக்குமாடிகளும் சேர்ந்துதான். வேலிக்குப் பின்னால் பல வருடம் சும்மா கிடந்த துறையை யுனெஸ்கோவின் பட்டயத்துக்காக அப்படியே வைத்திருக்க வேண்டுமா? லிவர்பூல்காரர்கள் பலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நானும் அவர்கள் கட்சிதான், கொஞ்சம் தயக்கத்தோடு.

பணம் மட்டும் கிளப்பை உலுக்கி எடுத்தது. செலவு 75 கோடி பவுண்டைத் தாண்டியதாகச் சொல்கிறார்கள். நிதி விதிகளை மீறியதற்காக 2023-24 பருவத்தில் அணிக்கு இரண்டு தடவையாக மொத்தம் 8 புள்ளிகள் வெட்டு. 2024 டிசம்பரில் கிளப் அமெரிக்காவின் ஃப்ரீட்கின் குழுமத்துக்குக் கைமாறியது. 52,000-க்கும் மேற்பட்டோர் அமரும் மைதானத்தில் 2025 ஆகஸ்ட் 24 அன்று முதல் லீக் ஆட்டம் நடந்தது. பிரைட்டன் அணியை 2-0 என்று ஜெயித்தார்கள். தேதியைக் கவனித்தீர்களா? குடிசன் திறந்து சரியாக 133 வருடம்.

என் தொழில் புத்தி ஆட்டத்தைப் பார்க்காது, ஆட்டம் முடிந்த பிறகு வரும் ஒரு மணி நேரத்தைத்தான் பார்க்கும். அருகில் உள்ள ரயில் நிலையம் சாண்ட்ஹில்ஸ், பதினைந்து நிமிட நடை. சின்ன நிலையம். ஐம்பதாயிரம் பேரில் ஒரு பகுதி வந்தாலே பிதுங்கும். அதனால் வெளியே வளைந்து வளைந்து நிற்கும் வரிசைக்குத் தனியாக இடம் கட்டியிருக்கிறார்கள். மழையும் ஆற்றுக் காற்றும் சேர்ந்து அடிக்கும் ஜனவரி இரவில் அந்த வரிசையில் நிற்பவரிடம்தான் இடத்தேர்வுக்கு மார்க் போடச் சொல்ல வேண்டும். ஒரு வேடிக்கை: கிர்க்பி போகும் ரயில் இந்த நிலையம் வழியாகத்தான் போகிறது. மைதானம் கிர்க்பிக்குப் போகவில்லை, கிர்க்பிக்காரர்கள் மைதானத்துக்கு வருகிறார்கள்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது புது இடம் இல்லை, பழைய இடம். குடிசனைச் சுற்றிய வால்ட்டன் பகுதி வசதியானது இல்லை. அதன் கடைத்தெரு கவுன்ட்டி ரோடு. வருடத்தில் இருபது, இருபத்தைந்து நாள் அந்தத் தெருவில் நாற்பதாயிரம் பேர் நடந்தார்கள். மீனும் சிப்ஸும் விற்கும் கடை, பப், முடிவெட்டும் கடை, எல்லாருக்கும் அந்த நாட்கள்தான் வருமானம். புது இடத்துக்கு மண் சோதனை, நீர் சோதனை, காற்றுச் சோதனை எல்லாம் உண்டு. விட்டுவிட்டுப் போகும் தெருவுக்கு அந்த அளவுக்கு யார் கணக்கெடுக்கிறார்கள்? குடிசனை இடித்து வீடும் மருத்துவ வசதியும் கட்டலாம் என்றுதான் முதலில் திட்டம் இருந்தது. 2025 மே 18-ல் ஆண்கள் அணி அங்கே கடைசி ஆட்டம் ஆடுவதற்குச் சில நாள் முன்பு, மைதானம் நிற்கும், இனி அது கிளப்பின் பெண்கள் அணிக்கு என்று அறிவித்தார்கள்.

கூட்டம் பழைய அளவுக்கு வராது. ஆனாலும் விளக்கு எரியும், வாசல் திறக்கும். கவுன்ட்டி ரோட்டுக் கடைக்காரர் இனி சுவரில் ஒட்டிவைக்க வேண்டியது பெண்கள் அணியின் ஆட்ட அட்டவணையை.

வணக்கம்.