ஒற்றை லென்ஸும் ஊரின் வெயிலும்

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

படமெடுப்பது என் பிழைப்பன்று. கும்பகோணத்திலேயே இருந்துகொண்டு, ஓய்வு கிடைக்கும்போது மட்டும் கேமராவைத் தூக்குகிற ஒருவன் என்ற உரிமையில்தான் உங்கள் முன் நிற்கிறேன். என்னிடம் இருப்பவை 2010-இல் விற்பனைக்கு வந்த நிக்கான் டி3100 கேமரா ஒன்றும், 35 மி.மீ. லென்ஸ் ஒன்றும். இரண்டும் பிறர் கையிலிருந்து எனக்கு வந்தவை. ஃபிளாஷ், டிரைபாட் என்னும் முக்காலி, ஜூம் லென்ஸ் ஆகிய எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. வாங்க முடியாமையால் அல்ல, வேண்டுமென்றேதான் இப்படி இருக்கிறேன். கருவி மாறாமல் இருந்தால் மட்டுமே வெளிச்சம் மாறுவதைக் கவனிக்க என் மனத்துக்கு இடம் கிடைக்கிறது. இன்று நான் பேசப் போவதும் அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான்.

இவ்வளவு பழைய கேமராவின் படம் போதிய தெளிவுடன் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் 14 மெகாபிக்சல் படம் 4608-க்கு 3072 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் 15-க்கு 10 அங்குலத்தில் குறையில்லாத பிரதி கிடைக்கும். வீட்டுச் சுவருக்கு அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

ஜூம் இல்லாத லென்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூம் லென்ஸைத் திருகும்போது, நின்ற இடத்திலிருந்து தெரியும் காட்சியின் ஒரு பகுதி பெரிதாகிறதே தவிர, முன்னால் நிற்கும் தூணுக்கும் பின்னால் நிற்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவு உறவு மாறுவதில்லை. அந்த உறவை மாற்ற வேண்டுமானால் நடந்தாக வேண்டும்: இரண்டடி முன்னே போனால் தூண் வளர்கிறது, கோபுரம் அப்படியே நிற்கிறது, இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் தூண் மறைத்த வாசல் திறக்கிறது. 35 மி.மீ. லென்ஸ் என் கேமராவில் ஏறத்தாழ 44 பாகைக் கோணத்தைப் பிடிக்கும். இந்த ஒரே அளவுடன் பழகிவிட்டதால், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே படச் சட்டத்தின் நான்கு ஓரங்களும் எங்கே விழும் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். 1858-இல் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை ஒரே படத்தில் அடக்க எந்தக் கருவியாலும் முடியாது என்பதால், கேமராவை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல படங்களாக எடுத்து, 21 பிரதிகளை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்குக் குறையாத நீளத்தில் ஒரு சுருளாக்கினார். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ் நீல ஒளியை மிகுதியாக வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் வெறும் வெளுப்பாகிவிடும் என்பதை அறிந்து, நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். தம் கருவியால் எது முடியாது என்று அவர் தெளிவாக அறிந்திருந்தார். அந்த அறிவின் மேல்தான் அவருடைய முறை நின்றது என்பது என் எண்ணம்.

ஃபிளாஷ் இல்லாதவனுக்கு விளக்கு சூரியன் ஒன்றுதான். ஆகவே அது எந்த மாதத்தில் எங்கே நிற்கும் என்று தெரிந்தாக வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது நம் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வைகாசி, ஆனி, ஆடியில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது; மார்கழியில் வெகுவாகத் தெற்கே சாய்கிறது. வட நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் விடிந்த பிறகு நெடுநேரம் நீடிக்கும் பொன்னிற வெளிச்சத்தைப் பற்றிப் பேசும். இங்கே சூரியன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 14 பாகை மேலேறிவிடுவதால், அந்த வெளிச்சம் அரைமணிக்கு மேல் தங்குவதில்லை. எழுந்து, குளித்து, காபி குடித்துவிட்டுப் போனால் அது போய்விட்டிருக்கும்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இந்தக் கணக்கு நேரடியாகப் பயன்படும். கோயில் கிழக்கு நோக்கியது. அதன் தூண்களிலும் அடித்தளத்திலும் உள்ள சிற்பங்கள் மிகச் சிறியவை. நாயன்மார் கதைகள் சாண் அளவுப் பலகைகளில் செதுக்கப்பட்டுள்ளன. நேருக்கு நேர் வெயில் அடித்தால் இச்சிற்பங்கள் தட்டையாகிவிடும். ஓரமாக உரசிச் செல்லும் வெயிலில்தான் விரலும் மடிப்பும் எழுந்து நிற்கும். ஆனியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. அதனால் காலை வெயில் வட சுவரை உரசுகிறது. மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி உதிப்பதால் தென் சுவருக்கு அந்தப் பேறு கிடைக்கிறது. அப்போது வட சுவர் நாள் முழுதும் நிழலில் இருக்கும். ஒரே கோயிலுக்கு ஆண்டில் இருமுறை, இரு வேறு சுவர்களுக்காக நான் போவது இதனால்தான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாதலால் அங்கே டிரைபாட் வைக்க அனுமதி பெற வேண்டும். கையில் பிடித்த சிறு கேமராவுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

மனிதர்களை எடுப்பதற்குத் திண்ணையைப் போன்ற இடம் வேறு இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் முகத்தில் விழாது. கண்குழியில் கறுப்பு தேங்காது. முன்பக்கம் முழுதும் திறந்திருப்பதால் வானத்து வெளிச்சம் அகலமாக, மென்மையாக வந்து சேரும். எதிரே வெயில் காயும் தெரு, கீழிருந்து ஒளியைத் திருப்பியனுப்பி மோவாய்க்கு அடியில் உள்ள நிழலையும் இளக்கிவிடும். ஸ்டுடியோக்காரர் பல விளக்குகள் வைத்துச் செய்வதைத் திண்ணை தானாகவே செய்துவிடுகிறது. கிழக்குப் பார்த்த திண்ணையானால் பிற்பகலிலும், மேற்குப் பார்த்ததானால் முற்பகலிலும் போக வேண்டும். அப்போதுதான் நேர் வெயில் உள்ளே ஏறாது. உட்கார்ந்திருப்பவரை விளிம்புக்கு அருகே வரச் சொன்னால் முகம் பொலியும். பின்னால் உள்ள நடை தானாகவே இருளில் ஒதுங்கும். திண்ணைகள் இடிபட்டு இரும்புக் கதவுகள் வந்துகொண்டிருப்பது படமெடுக்கிறவனாகவும் என்னை வருத்துகிறது.

இங்கே ஒளிமானியைப் பற்றி ஒரு சொல். கேமராவின் ஒளிமானி, தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டத்தை நிறைத்தால் அதை மங்கலாக்கும். வெளுத்த வானத்தின் முன் நிற்கும் மாநிற முகத்தைக் கரியாக்கிவிடும். அதன் சொல்லை அப்படியே கேட்காமல், முதலில் சொன்னதற்கு ஒளியை ஒரு படி, அதாவது இரு மடங்காக, கூட்ட வேண்டும். இரண்டாவதற்கு ஒன்றோ ஒன்றரையோ கூட்ட வேண்டும். நம் மக்களின் தோல் நிறம் படத்தில் அழகாக வர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முகத்தை வெளுப்பாக்கித் தருவதை நான் ஒருபோதும் செய்வதில்லை.

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைகளில் நிலைமை வேறு. பல பட்டறைகளில் ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி ஓடு ஒன்றிரண்டின் வழியாகத்தான் வெளிச்சம் இறங்கும். அந்த வெளிச்சத் தூணுக்குள் பத்தரின் கை வரும்வரை காத்திருப்பேன். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600, லென்ஸின் துளையளவான அப்பெர்ச்சர் எஃப் 2, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 60-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் அழுத்தினால் பெரும்பாலும் அசைவு இராது. இன்னும் மங்கலானால் ஒரு கயிறு உதவும்: கேமராவின் அடியில் உள்ள டிரைபாட் துளைக்குக் கால் அங்குலத் திருகாணி ஒன்றை மாட்டி, அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த விறைப்பு கையின் நடுக்கத்தை வெகுவாக அடக்கும். மெருகேற்றிய பித்தளை, தன் எதிரே இருப்பதையே காட்டும். ஆகவே விளக்கை எடுக்கும்போது எதிரே வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடுவேன். பளிச்சென்ற புள்ளிகள் மறைந்து, பித்தளையின் மஞ்சள் நிறம் முழுதாகத் தெரியும். நிழல்பக்கத்துக்கு ஒளியைத் திருப்பியனுப்ப, திரைப்படக்காரர்கள் பிடிப்பதைப் போல ஒரு தெர்மாகோல் அட்டை போதும்.

எடுத்தவரிடம் 4-க்கு 6 அங்குலப் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதைக் கடமையாக வைத்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது அவர்கள் கேமராவுக்காக விறைத்து நிற்பதில்லை என்பது அதனால் கிடைக்கும் பெரும் பலன்.

உங்களில் பலரிடம் இருப்பது கைப்பேசிதான் என்பதை அறிவேன். அதற்கும் இவையெல்லாம் பொருந்தும். லென்ஸின் மேல் படிந்த விரல் பிசுக்கை முதலில் துடையுங்கள். இரு விரலால் விரித்துப் பெரிதாக்காமல், முதன்மை லென்ஸுடன் கிட்டப் போங்கள். திரையில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் ஒளி அளவு பூட்டிக்கொள்ளும். அதன்பின் விரலை மேலும் கீழும் நகர்த்தி, திண்ணையில் இருப்பவரின் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் வரும்வரை சரிசெய்துகொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி, வணக்கம்.